பெய்ஜ் நிற உட்புறம் உள்ள காருக்கு எந்த நிற ஃப்ளோர் மேட் பொருத்தம்? 7டி மேட் போடலாமா?

சீட்டின் நிறத்தை வைத்து மேட் வாங்காதீர்கள். காரின் தரையில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் கார்பெட் என்ன நிறம், உங்கள் வீட்டார் செருப்பில் ஒட்டி வரும் மண் என்ன நிறம், இந்த இரண்டையும் பார்த்து வாங்குங்கள். தரையை முழுக்க மூடும் 7டி மேட் வேண்டாம் என்பது என் கருத்து. கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். காரணம் எங்கள் வீட்டுக் கார்.

புதுக் கார், வீட்டில் சின்னப் பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். டெலிவரி எடுக்கும்போதே சீட் கவரிலிருந்து மேட் வரை ஒரு பட்டியலை நீட்டி, "எல்லாவற்றையும் இப்போதே போட்டுவிடுங்கள்" என்று அவசரப்படுத்தியிருப்பார்கள். அவசரமே இல்லை. காரோடு வரும் மேட்டை வைத்துக்கொண்டு சில வாரம் ஓட்டிப் பாருங்கள். எங்கே அழுக்கு சேர்கிறது, எந்தக் கதவு வழியாகப் பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

இனி எங்கள் கதை. அப்பா வாங்கியது ஒருவர் ஓட்டிய பழைய கார். உள்ளே முழுக்க பெய்ஜ். அதே நிறத்தில் 7டி மேட்டை முந்தைய உரிமையாளரே போட்டு வைத்திருந்தார். கட்டம் கட்டமாகத் தையல் ஓடிய செயற்கைத் தோல், அதற்கு அடியில் ஃபோம், தரையிலிருந்து கதவுப் படி ஓரம் வரை ஏறி நிற்கும். பார்க்க அழகு என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் கார் எங்கள் எல்லோருக்கும் பிடித்துப்போனதற்கு அந்த மேட்டும் ஒரு காரணம்.

சில மாதங்களில், ஏசி போட்டால் ஒரு புழுங்கிய வாடை வர ஆரம்பித்தது. ஏசி ஃபில்டரை மாற்றினோம். சித்தப்பா ஒரு வாசனை பாட்டில் கொண்டுவந்து மாட்டினார். பிறகு டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. வாடை ஒரு பிரச்சினை, விளக்கு வேறொரு பிரச்சினை என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டார்கள். எனக்கு மேட்டின் மேல்தான் சந்தேகம். மேலே தொட்டுப் பார்த்தால் துளி ஈரம் இல்லை. ஓரத்தைப் பிரித்துக் கையை உள்ளே விட்டேன். கார்பெட்கூட நனைந்தது போல இல்லை, சற்றுச் சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். உள்ளங்கையை வைத்து அழுத்தியதும் விரல் இடுக்கெல்லாம் தண்ணீர் ஊறி வந்தது.

ஏசி ஓடும்போது அதன் எவாப்பரேட்டர் (காற்றைக் குளிர்விக்கும் பகுதி) மேல் காற்றின் ஈரம் படிந்து நீராகும். அந்த நீர் ஒரு சின்னக் குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். ஏசி போட்டு நிறுத்திய காருக்குக் கீழே ஈரத் திட்டு தெரிவது இதனால்தான். தூசியும் சருகும் சேர்ந்து குழாயை அடைத்துவிட்டால் நீர் திரும்பிக் காருக்குள் வரும், பெரும்பாலும் முன்சீட்டுப் பயணியின் கால் பக்கம். கார்பெட்டுக்கு அடியில் தடிமனான ஃபோம் இருக்கிறதே, அது இந்த நீரைக் குடித்துவிட்டு மேலே காட்டிக்கொள்ளாது. சாதாரண மேட்டாக இருந்திருந்தால் கழுவ எடுக்கும்போதே கை ஈரத்தை உணர்ந்திருக்கும். எங்கள் மேட்டை யாரும் எடுக்கவே இல்லை, எடுக்க வேண்டியதில்லை என்பதுதானே அதன் விற்பனைப் பேச்சு.

சீட்டைக் கழற்றிக் கார்பெட்டைத் தூக்கினார் மெக்கானிக். சீட்டுக்கு அடியில் இருந்த மஞ்சள் கனெக்டரின் பின்களில் பச்சை பூத்திருந்தது. ஏர்பேக் வயர்களுக்குப் பொதுவாக மஞ்சள் கனெக்டர்தான் போடுவார்கள். விளக்கு எரிந்த காரணம் அங்கே இருந்தது. தரைத் தகட்டில் துருவும் தொடங்கியிருந்தது.

7டி மேட் போட்டிருப்பவர்கள் என் மேல் கோபப்பட வேண்டாம். தண்ணீர் வந்தது அடைபட்ட ஏசி குழாயால். மேட் அதை மறைத்தது, அவ்வளவுதான் நான் சொல்வது. மழைத் தண்ணீரோ, பிள்ளை கவிழ்த்த பாட்டில் தண்ணீரோ ஓரம் வழியாக உள்ளே இறங்கினாலும் இதே கதைதான், காய வழியில்லை. போட்டே தீருவேன் என்றால் மாதத்துக்கு ஒரு முறையாவது ஓரத்தைத் தூக்கிக் கார்பெட்டை அழுத்திப் பாருங்கள். எல்லாத் தரத்தையும் நான் சோதித்ததில்லை, நல்ல தரம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். ஆனால் எவ்வளவு நல்ல தரமானாலும் அது மூடித்தான் இருக்கும்.

சரி, நிறம். பெய்ஜ் உட்புறத்துக்கு பெய்ஜ் மேட் என்பது கடையில் பார்க்கும்போது சரியாகத்தான் தோன்றும். ஓட்டுபவரின் வலது குதிகால் ஆக்சிலரேட்டருக்குக் கீழே ஒரே இடத்தில் ஊன்றித் திரும்பும். வெளிர் மேட்டில் அங்கே முதலில் ஒரு கருவட்டம் விழும், பிறகு எத்தனை தேய்த்தாலும் முழுதாகப் போகாது. இதைச் சொன்னால் உடனே கறுப்பு வாங்குங்கள் என்பார்கள். கறுப்பில் சேறும் எண்ணெய்க் கறையும் தெரியாது என்பது உண்மை. காய்ந்த புழுதியும் மணலும் நூல் பிசிறும் அதில்தான் பளிச்சென்று தெரியும். செம்மண், சாம்பல் புழுதி போன்ற வெளிர் தூசி உள்ள இடத்தில் ஓட்டுபவர்களுக்குக் கறுப்பு மேட் தினமும் தட்டும் வேலை. இரண்டுக்கும் நடுவே தவிட்டு நிறம், பழுப்பு கலந்த சாம்பல், அதிலும் இரண்டு இழை கலந்து புள்ளி புள்ளியாக இருப்பது எல்லா அழுக்கையும் ஓரளவு தாங்கும். நான் எடுத்தது அதுதான். கார்பெட்டைவிட ஒரு படி அடர்த்தியாக இருந்தால் கண்ணுக்கும் உறுத்தாது. சீட்டோடு சேர வேண்டும் என்ற ஆசை இருந்தால் மேட்டின் ஓரத் தையலை பெய்ஜில் கேளுங்கள், போதும்.

வாங்கும் முன் ஒரு துண்டையாவது வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பாருங்கள். கடை விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு பழுப்பு நிறங்கள் வெயிலில் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று பச்சையோடியும் தெரியும். பிறகு தினமும் போடும் செருப்பின் அடியை அதில் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், காசு நாம் கொடுக்கிறோம்.

கடைக்காரர் என்றதும் இதையும் எழுதிவிடுகிறேன். அந்த மேட் வாங்கப் போனபோது என்னோடு தம்பி வந்திருந்தான். அவனுக்குக் கார் ஓட்டவே தெரியாது. கேள்வி எல்லாம் நான் கேட்டேன், பதில் எல்லாம் அவனிடம் சொன்னார்கள். மேட் நகராமலிருக்க, காரின் தரைக் கொக்கியில் மாட்ட அதில் ஓட்டை இருக்கிறதா என்று கேட்டால், "சார், மேடத்துக்கு எந்த கலர் பிடிக்கும்?" என்று அவனிடமே கேட்கிறார்கள். "அக்காதான் ஓட்டுறாங்க, அவங்ககிட்ட சொல்லுங்க" என்று தம்பி சொன்ன பிறகும் மாறவில்லை. டயர் மாற்றும் இடத்திலும் சர்வீஸிலும் எனக்கு இதே அனுபவம். காரில் ஈரம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் நான். கேள்விக்கு இது தொடர்பில்லாததுதான், தெரியும். கேட்டவர் பெண்ணாக இருந்தால் துணைக்கு ஆள் இல்லாமல் தனியாகவே போங்கள், அப்போதுதான் பதில் நம்மிடம் வரும்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக. சின்னப் பிள்ளைகள், நாய், மழை என்றால் விளிம்பு உயர்ந்த ரப்பர் அல்லது டிபிஇ (ரப்பர் போல வளையும் ஒரு பிளாஸ்டிக்) மேட். எடுத்துக் குழாயடியில் காட்டினால் முடிந்தது. டிபிஇயில் ரப்பரின் வாடை குறைவு, எடையும் குறைவு. மலிவான பிவிசி வெயிலில் சூடாகி வாடை விடும், அதிலிருந்து ஆவியாகும் பொருள் கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலம் போலப் படியும். கார்பெட் மேட்டில் நைலான் இழை மிதிபட்டாலும் நிமிரும், பாலிபுரொப்பிலீன் நீரைக் குடிக்காது, ஆனால் சீக்கிரம் படிந்து வழுக்கையாகும். நூடுல்ஸ் மாதிரிச் சுருள் மேட் மணலை உள்ளே விழுங்கிவிடும், மேலே சுத்தமாகத் தெரியும், உதறினால்தான் எவ்வளவு இருந்தது என்று புரியும்.

நிறத்தைவிடவும் பொருளைவிடவும் எனக்கு முக்கியமானது ஓட்டுநர் பக்க மேட் நகராமல் இருப்பது. ஒரு மேட்டுக்கு இவ்வளவு பேச்சா என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே ஒரு லெக்சஸ் இஎஸ் 350 நிற்காமல் பாய்ந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 4 பேர் இறந்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி, வாகனம் ஓட்டத் தெரியாதவர் அல்ல. வேறொரு மாடலுக்கான ரப்பர் மேட் அதில் கிடந்திருக்கிறது, ஆக்சிலரேட்டர் அதில் சிக்கிக்கொண்டது. அடுத்த மாதமே டொயோட்டா சுமார் 38 லட்சம் கார்களுக்கு மேட் பற்றிய எச்சரிக்கையோடு திரும்ப அழைப்பு அறிவித்தது. பிறகு பெடலின் அடிப்பகுதியையே வெட்டிச் சிறிதாக்கும் அளவுக்குப் போனது.

எனவே உங்கள் மாடலுக்கென்றே வெட்டியதை வாங்குங்கள். தரையில் உள்ள கொக்கி மேட்டின் ஓட்டையில் மாட்ட வேண்டும். பழைய மேட்டின் மேல் புதியதைப் போடவே கூடாது, காரோடு வந்ததை எடுத்துவிட்டுத்தான் புதியது. இன்ஜின் அணைந்திருக்கும்போது ஆக்சிலரேட்டர், பிரேக், கிளட்ச் மூன்றையும் தரை வரை மிதித்து விடுங்கள். மேட்டைக் கையால் முன்னுக்குத் தள்ளிவிட்டு மறுபடி மிதியுங்கள். பெடல் உரசினாலோ, திரும்பி வரத் தயங்கினாலோ, எத்தனை அழகான நிறமானாலும் அந்த மேட் வேண்டாம்.

காரைக் கழுவக் கொடுத்து வாங்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள். கழுவுபவர்கள் மேட்டைத் திரும்ப உள்ளே வீசுவார்கள், கொக்கியில் மாட்டுபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ரப்பர் மேட்டுக்குப் பளபளப்பு திரவம் பூசித் தருகிறோம் என்று சொன்னால் ஓட்டுநர் பக்கத்துக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிரேக் மிதிக்கும்போது குதிகால் வழுக்கும்.