எஸ்டேட்டை இடிக்கப் போகிறார்களா? கருத்துக் கேட்புக் கடிதம் வந்ததும் செய்ய வேண்டியவை

கேள்வி: லண்டனில் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) வீட்டில் பல ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறோம். 'ரீஜெனரேஷன்' (குடியிருப்பை இடித்தோ புதுப்பித்தோ மறுசீரமைப்பது) பற்றிக் கருத்துக் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. இடிப்பதைத் தடுக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் கவுன்சில் முடிவெடுக்கும் முன்பே மாற்றுத் திட்டம் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதன் பிறகு போராடுவது பல மடங்கு கடினம்.

இந்த வாரமே தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். 20 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். 'எல்லா ஆவணங்களும்' என்று கேட்டால், தேடும் செலவைக் காட்டி மறுத்துவிடுவார்கள். கட்டட நிலை ஆய்வு, எஞ்சினியர் அறிக்கை, இடிப்பது, புதுப்பிப்பது என ஒவ்வொரு தெரிவுக்குமான செலவுக் கணக்கு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கணக்கு வந்ததும், லீஸ்ஹோல்டர்களிடமிருந்து (நீண்டகாலக் குத்தகையில் வீட்டை விலைக்கு வாங்கியவர்கள்) வீடுகளைத் திரும்ப வாங்கும் செலவு, குடும்பங்களை இடம் மாற்றும் செலவு, காலி வீடுகளால் இழக்கும் வாடகை ஆகியவை இடிப்புச் செலவில் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்து, வீடு வீடாகப் போய் ஒழுகல், ஈரப்பதம், ஜன்னல் பழுது எல்லாவற்றையும் தேதியும் படமும் சேர்த்துப் பதியுங்கள். உங்கள் கட்டடம் பெரிய கான்கிரீட் பலகைகளைக் கோத்துக் கட்டியது என்றால் எஞ்சினியரின் எச்சரிக்கையை அலட்சியம் செய்யாதீர்கள். 1968இல் கிழக்கு லண்டனின் ரோனன் பாயின்ட் அடுக்குமாடியில் ஒரு மூலை முழுதாகச் சரிந்தது அந்த வகைக் கட்டடத்தில்தான். வலுப்படுத்த எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள்.

'கூடுதல் வீடுகள் தேவை' என்பார்கள். அது உண்மையான தேவைதான், அதற்கு வரைபடத்தால் பதில் சொல்லுங்கள். லண்டனின் லாம்பெத் பகுதியில் 456 வீடுகள் கொண்ட சென்ட்ரல் ஹில் எஸ்டேட்டுக்கு, ஒரு வீட்டையும் இடிக்காமல் காலி இடங்களிலும் கூரைகள் மேலும் புதிய வீடுகள் கட்டும் திட்டத்தை ஆர்க்கிடெக்ட்ஸ் ஃபார் சோஷியல் ஹவுசிங் குழுவினர் வரைந்தார்கள். கூரைமேல் கட்ட நினைத்தால் அஸ்திவாரத்தின் தாங்குதிறன், லிஃப்ட், படிக்கட்டு மூன்றையும் முதலில் சோதியுங்கள். உயரம் 18 மீட்டரைத் தொட்டால் பாதுகாப்பு விதிகள் மிகவும் கடுமையாகும். புதுப்பிப்பதற்குச் சிறந்த சான்று பிரான்சின் போர்தோ நகரில் இருக்கிறது. அங்கே கிராண்ட் பார்க் குடியிருப்பின் 530 வீடுகளுக்கும், குடியிருந்தவர்களை வெளியேற்றாமலே, முன்பக்கம் 3.8 மீட்டர் ஆழத்துக்குக் கண்ணாடித் தாழ்வாரம் சேர்த்தார்கள்.

வாக்கெடுப்பு: 2018 ஜூலை முதல், லண்டன் மேயர் நிர்வாகத்தின் நிதி பெறும் திட்டம் சமூக வீடுகளை இடித்து 150 அல்லது அதற்கு மேல் புதிய வீடுகள் கட்டுவதாக இருந்தால், விதிவிலக்கு எதுவும் பெறாத வரை குடியிருப்போர் வாக்கெடுப்பு கட்டாயம். அந்த நிதி இல்லையென்றால் வாக்கெடுப்பும் இல்லாமல் போகலாம். இதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருந்தால் இரண்டு வாக்கு. தனியார் வாடகைக்கு இருப்பவர், கவுன்சிலின் வீட்டுப் பதிவேட்டில் (வீடு கேட்டுக் காத்திருப்போர் பட்டியல்) குறைந்தது ஓராண்டு இருந்திருந்தால்தான் வாக்களிக்கலாம். அதனால் அவர்கள் இன்றே பதியட்டும். பெரும்பாலான வாக்கெடுப்புகளில் 'ஆம்' தரப்பே வென்றிருக்கிறது. வாக்கெடுப்புக்கு முன் கவுன்சில் தரும் வாக்குறுதி ஆவணத்தில் திரும்பி வரும் உரிமை, வாடகை, சர்வீஸ் சார்ஜ், அறைகளின் எண்ணிக்கை ஆகியவை உறுதியாக எழுதப்பட்டுள்ளனவா என்று வரிவரியாகப் படியுங்கள்.

நீதிமன்றத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். 306 வீடுகள் கொண்ட கிரெசிங்ஹாம் கார்டன்ஸில் ஐந்து தெரிவுகளை வைத்துக் கருத்துக் கேட்ட லாம்பெத் கவுன்சில், பாதியில் மூன்று புதுப்பிப்புத் தெரிவுகளையும் விலக்கியது. 2015 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. கவுன்சில் மறுபடி கருத்துக் கேட்டு, 2016 மார்ச்சில் மீண்டும் இடிக்கவே தீர்மானித்தது. நீதிமன்றம் பார்ப்பது நடைமுறைப் பிழையைத்தான். அங்கே வெல்வது அவகாசம், அந்த அவகாசத்தில் முன்வைக்க உங்கள் மாற்றுத் திட்டம் தயாராக இருக்க வேண்டும்.

நீதிமன்ற மறுஆய்வுக்குத் தாமதமின்றி, அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். திட்டமிடல் அனுமதியை எதிர்ப்பதென்றால் ஆறே வாரம். முடிவு வரும் நாளுக்கு முன்பே, சட்ட உதவி நிதியில் வழக்கு எடுக்கும் வீட்டுவசதி வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்து, ஆவணங்களைக் கொடுத்து வையுங்கள்.