நாலாம் நாள் டீக்கடையில்

வணக்கம்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 41. ஒரு நாளைக்கு 14, 15 சிகரெட் ஆகிறது. காலையில் எழுந்ததும் ஒன்று அடித்தால்தான் வயிறு போகும். விட முயன்றபோதெல்லாம் நாலாம் நாள், ஐந்தாம் நாள் டீக்கடையில் விழுந்துவிடுகிறேன். நிகோடின் சூயிங்கம் தினம் மூன்று நான்கு மென்று பார்த்தேன். விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். இப்போது கல்லூரி நண்பர்கள் ஏழு பேர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்து, வரும் 1ஆம் தேதி சேர்ந்து விடுவதாக இருக்கிறோம். இதனால் பலன் உண்டா? ஒரேயடியாக விடுவதா, குறைத்துக்கொண்டே வருவதா? ஒருவர் வேப்புக்கு (மின் சிகரெட்டுக்கு) மாறிவிடலாம் என்கிறார்.

— ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

குழுவால் பலன் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட குழுக்களில் பெரும்பாலானவை தப்பான நேரத்தில் விழித்திருக்கின்றன. ராத்திரி பத்து மணிக்கு ‘இன்று மூன்றாம் நாள்’ என்று போட்டால் ஆறு கைதட்டல் வந்துவிடும். நீங்கள் விழுவது அப்போதா? காலை பதினொரு மணிக்கு, கம்பெனி கேட்டுக்கு எதிரே, கடைக்காரர் உங்களைப் பார்த்ததுமே டீயோடு உங்கள் பிராண்டையும் கேட்காமல் எடுத்து வைக்கும்போது.

நாலாம் நாள் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ரத்தத்தில் இருக்கும் நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். விட்டபின் உடம்பு படுத்தும் பாடு இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். அதைத் தாண்டியபிறகுதான் நீங்கள் விழுகிறீர்கள். எரிச்சலும் தூக்கக் கேடும் இரண்டு முதல் நான்கு வாரம் வரை விட்டுவிட்டு வரும் என்பது உண்மைதான். ஆனாலும் நாலாம் நாளில் உங்களை இழுப்பதில் பெரும்பங்கு அந்த இடமும் அந்த நேரமும். முதல் இரண்டு வாரம் கடையை மாற்றுங்கள். முடியாதென்றால் ‘நான் கேட்டாலும் கொடுக்காதீங்க’ என்று கடைக்காரரிடமே சொல்லிவையுங்கள். ஒரு வியாபாரத்தை இழந்தாலும் பெரும்பாலான கடைக்காரர்கள் இதைக் கேட்பார்கள்.

தம் அடிக்கும் வெறி ஒருமுறை வந்தால் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் தணிந்துவிடும். குழு இருப்பது அந்த ஐந்து நிமிடத்துக்காக. அதனால் செய்தி பற்றவைக்கும் முன்பு வர வேண்டும். நீளமாக எழுதவேண்டாம், ‘வருது’ என்ற ஒரு சொல் போதும். பார்த்தவர் கட்டைவிரல் படம் போடாமல் போன் செய்ய வேண்டும். கிரிக்கெட், பையனின் ஸ்கூல் ஃபீஸ், எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், சிகரெட்டைத் தவிர. ஆறு பேருக்குப் போகும் செய்தியை ‘வேறு யாராவது கூப்பிடுவார்கள்’ என்று ஆறு பேருமே விட்டுவிடுவார்கள். ஆகவே முறை வைத்துக்கொள்ளுங்கள்: காலை பதினொரு மணிக்கு யார், மாலை நாலு மணிக்கு யார், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு யார் என்று பெயரோடு. பழைய கல்லூரிக் குழுவிலேயே இதை நடத்தாதீர்கள். காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் ‘வருது’ காணாமல் போய்விடும். புகைவிடும் மீம்கள், பாக்கெட் போட்டோக்கள் எதுவும் கூடாது. பார்த்த மாத்திரத்தில் ஆசையைக் கிளப்புபவை அவை. விட்டு ஒரு வருடம் தாண்டிய ஒருவரை எட்டாவது ஆளாகச் சேர்க்க முடிந்தால் நல்லது.

குழு உடைவது பெரும்பாலும் முதல் ஆள் தவறும்போதுதான். அவர் வெட்கப்பட்டு மௌனமாவார், பிறகு பொய்க் கணக்கு சொல்வார், ஒருநாள் வெளியேறுவார்; பின்னாலேயே இன்னும் இருவர் போவார்கள். முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: தவறினால் அன்றைக்கே எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு என்று மூன்றே தகவல். அறிவுரையும் கிண்டலும் கிடையாது. கையில் மிச்சமிருப்பதைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுவிட்டு அந்த நிமிடத்திலிருந்தே தொடர வேண்டும், அடுத்த 1ஆம் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. மூன்றாம் வாரம் எல்லோரும் தேறிவிட்ட நினைப்பில் குழு தூங்கிப்போகும். கல்யாண வீடும் குடியும் வருவது அப்போதுதான். முதல் மாதம் குடியை அடியோடு தள்ளிவையுங்கள்.

தேதியைப் பற்றி ஒன்று. உங்கள் தொழிலில் மாதக் கடைசி ஷிப்மெண்ட் நெருக்கடி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் மறுநாளே ஆரம்பிப்பதைவிட, எல்லோருக்கும் ஓரளவு அமைதியான ஒரு வாரத்தில் ஆரம்பிக்கலாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளாதீர்கள்.

இனி சூயிங்கம். விக்கல் வந்தது மருந்தின் குற்றமல்ல, மென்ற விதத்தின் குற்றம். பபிள்கம்போல மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போகும். விக்கலும் எரிச்சலும் அங்கிருந்துதான். அது வாயின் உட்தோல் வழியாக ஏறவேண்டிய மருந்து. மெதுவாக மெல்லுங்கள், மிளகு கடித்ததுபோல் ஒரு காரம் வரும். உடனே நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்குங்கள். காரம் அடங்கியதும் மறுபடி நாலு மெல்லல், இந்தமுறை வேறு பக்கத்தில் ஒதுக்கல். ஒரு துண்டு சுமார் அரை மணி நேரம் வரும். மெல்வதற்கு 15 நிமிடம் முன்பிருந்து முடியும்வரை தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. காபி, சோடா, பழச்சாறு எல்லாம் வாயில் அமிலத்தைக் கூட்டும். அமிலம் கூடினால் நிகோடின் ஏறாது. டீயோடு சேர்த்து மென்றிருந்தால் பாதி வீண்.

அளவும் போதவில்லை. எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்கு 4 மி.கி. தேவை, அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் மருந்துக்கடையில் கிடைப்பது 2 மி.கி. முதல் 6 வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு துண்டு, நாளைக்கு ஒன்பதுக்குக் குறையாமல், 24ஐத் தாண்டாமல். 7 முதல் 9ஆம் வாரம் வரை இரண்டு முதல் நாலு மணி நேரத்துக்கு ஒன்று, 10 முதல் 12 வரை நாலு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. வெறி வந்தபிறகு தேடாமல் மணி பார்த்துப் போடுங்கள். இதுவும் ஒத்துவராவிட்டால் வரெனிக்ளின் மாத்திரை இருக்கிறது. விடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும், மருத்துவர் பார்த்துத் தரவேண்டியது.

பலருக்கும் தெரியாத ஒன்று: சிகரெட் புகை, காஃபினைக் கல்லீரல் சீக்கிரம் கழிக்கும்படி செய்கிறது. புகை நின்றதும் அந்த வேகம் போய்விடும். வழக்கமான ஐந்து டீயின் காஃபின் உடம்பில் முன்னைவிட அதிகமாகத் தங்கும். கை நடுக்கமும் தூக்கமின்மையும் வரும், அதை ‘நிகோடின் கேட்கிறது’ என்று நினைத்துப் பற்றவைப்பீர்கள். விடும் நாளன்றே டீயைப் பாதியாக்குங்கள். தியோஃபிலின் (ஆஸ்துமாவுக்கு), குளோசபின் (மனநோய்க்கு) போன்ற மருந்துகளுக்கும் இதே கதைதான். குழுவில் யாராவது அவற்றைச் சாப்பிட்டால் விடும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வயிறு போவதற்கு வருகிறேன். நிகோடின் குடலைத் தூண்டுகிறது, அதனால் விட்டபின் மலச்சிக்கல் சில வாரம் இருக்கத்தான் செய்யும். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், பத்து நிமிட நடை, தினம் கீரை அல்லது ஒரு கொய்யா. ராத்திரி இசப்கோல் கலந்து குடித்தால் கூடவே நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் இறுகும்.

குறைத்துக்கொண்டே வருவதை நான் சொல்லமாட்டேன். 2016இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் ஒரேயடியாக விட்டவர்களில் 49 சதவீதம் பேர் நாலாம் வாரத்திலும் விட்டபடியே இருந்தார்கள். இரண்டு வாரம் குறைத்துப் பிறகு விட்டவர்களில் 39. ‘ஒன்றே ஒன்று’ என்று நிறுத்திக்கொள்வதும் கணக்குக்கு உதவாது: நாளைக்கு ஒரு சிகரெட்டே, 20 பிடிப்பதால் வரும் மாரடைப்பு அபாயத்தில் ஏறக்குறைய பாதியைக் கொண்டுவருகிறது.

நண்பர்கள் யாரும் எடுக்காத நேரத்துக்கு 1800-11-2356 என்ற இலவச எண்ணைச் சேமித்து வையுங்கள், தமிழிலும் பேசலாம். 2018இலிருந்து பாக்கெட்டில் அச்சடித்து வருகிறார்கள். உதிரியாக வாங்குகிறவர் கண்ணில்தான் அது படுவதே இல்லை.

வேப் வேண்டாம். 2019 சட்டப்படி இந்தியாவில் அதன் விற்பனைக்கே தடை. மறைவாக வருவதில் எவ்வளவு நிகோடின் என்று விற்பவருக்கே தெரியாது. சூயிங்கத்தில் மில்லிகிராம் அச்சடித்திருக்கிறது, அதைப் படிப்படியாகக் குறைக்க முடியும்.