24 நாளாகியும் காமாலை இறங்கவில்லையே, டாக்டர்?

கேள்வி: என் மகளுக்கு இன்றோடு 24 நாள். நிறைமாதக் குழந்தை, தாய்ப்பால் மட்டும்தான். எடை ஏறுகிறது. ஆனால் கண் இன்னும் மஞ்சளாக இருக்கிறது. காலை வெயிலில் காட்டினால் போதும் என்கிறார் மாமியார். பொறுத்திருக்கலாமா?

பதில்: வெயிலை நம்பிப் பொறுக்க வேண்டாம். நிறைமாதக் குழந்தைக்கு 14 நாள், குறைமாதக் குழந்தைக்கு 21 நாள் தாண்டியும் காமாலை இருந்தால் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலும் இது தாய்ப்பாலால் வரும் தீங்கில்லாத காமாலைதான்; இரண்டு மூன்று மாதம்கூட இருந்துவிட்டுத் தானே போய்விடும். பாலை நிறுத்தாதீர்கள், நீங்கள் பத்தியம் இருக்கவும் வேண்டாம். ஆனால் அப்படிச் சொல்லுமுன் பித்தநாள அடைப்பு, அதாவது பிலியரி அட்ரீசியா, இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் இறங்கும் பாதையே மூடிப்போகும் நோய் அது. அரிதுதான். ஆனால் அந்தக் குழந்தைகளும் முதல் வாரங்களில் நன்றாகப் பால் குடிக்கும், சிரிக்கும். அதனாலேயே நாள் கடந்துவிடுகிறது. இதற்கான கசாய் அறுவை சிகிச்சையை, அதாவது பித்தம் இறங்கக் குடலைக் கல்லீரலோடு நேராக இணைப்பதை, பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பித்தம் மறுபடி இறங்கும் வாய்ப்பு கூடுதல்.

இன்றே ஒன்று செய்யுங்கள். குழந்தை மலம் கழித்த துணியை ஜன்னலோரம், பகல் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். மஞ்சளோ பச்சையோ என்றால் சரி. களிமண் போல, சுண்ணாம்பு போல வெளிறியிருந்தால் போனில் படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். சிறுநீரையும் கவனியுங்கள், இந்த வயதில் அது தண்ணீர் மாதிரி இருக்கும். துணியில் மஞ்சள் கறை படிந்தால் நல்ல அறிகுறி அல்ல.

ரத்தப் பரிசோதனையில் மொத்த பிலிருபின் (மஞ்சள் நிறம் தரும் பொருள்) மட்டும் போதாது, ‘டைரக்ட் பிலிருபின்’, அதாவது கல்லீரல் பதப்படுத்தியும் பித்தத்தோடு வெளியேறாமல் தேங்கும் பகுதி, தனியாக வேண்டும் என்று கேளுங்கள். டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில், மொத்தம் 9, டைரக்ட் 0.4 என்றால் எனக்குக் கவலை குறைவு. மொத்தம் 6, அதில் டைரக்ட் 3 என்றால் மஞ்சள் குறைவாகத் தெரிந்தாலும் அதுதான் ஆபத்து. டைரக்ட் 1 மில்லிகிராமைத் தாண்டினாலே குழந்தைகள் கல்லீரல் நிபுணர் பார்க்க வேண்டும். அப்படியே தைராய்டு, சிறுநீர்க் கிருமிப் பரிசோதனை, உங்கள் ரத்த வகை, குழந்தையின் ரத்த வகை இவற்றையும் பார்த்துவிடுவார்கள்.

அப்புறம், தொப்புளில் ரத்தக் கசிவு, காரணமில்லாத கன்றல், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.