கோடு போடுகிறவர்

மதிப்பிற்குரிய அம்மா,

நான் சேலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வளாகத்து மண் மைதானத்தை மாற்றி, 8 பாதைகள் கொண்ட 400 மீட்டர் சிந்தெடிக் ஓடுதளம், பார்வையாளர் மாடம், விளக்குக் கோபுரங்கள், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றை அமைக்கப் போகிறார்கள். இரண்டு பக்கத் திட்டக் குறிப்பைக் கொடுத்து மாணவர்களின் கருத்தைக் கேட்டிருக்கிறார்கள், நகலை இணைத்திருக்கிறேன். நூலகமும் விடுதியும் இப்படி இருக்கும்போது மைதானத்தில் பணத்தைக் கொட்ட வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என் ஐயம் வேறு. உயரம் தாண்டும் மாரியப்பன் தங்கவேலுவும் கிரிக்கெட் வீரர் நடராஜனும் நம் மாவட்டத்து மண்ணில் கஷ்டப்பட்டு வளர்ந்தவர்கள்தானே? வசதிகள் பெருகினால் அந்த வைராக்கியம் போய்விடாதா? கட்டத்தான் வேண்டும் என்றால் ஏற்காட்டில் கட்டினால் உயரப் பயிற்சிக்காவது உதவுமே? மாடத்துக்காக மேற்குப் பக்கத்து வேப்பமரங்களை வெட்டப் போகிறார்கள் என்பதும் மனதை உறுத்துகிறது. கூட்டத்தில் நான் என்ன பேச வேண்டும்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு மாணவர், சேலம்

அன்புள்ள தம்பி,

போன வாரம்தான், பல வருடங்களுக்குப் பிறகு, நான் படித்த கல்லூரியின் மைதானத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன். நீளம் தாண்டும் குழியில் எருக்கஞ்செடி இடுப்பளவு வளர்ந்திருந்தது. ஓடுதளம் இருந்த இடத்தில் நெருஞ்சி படர்ந்திருந்தது. அன்றிலிருந்து மனம் அந்த மைதானத்தைவிட்டு வரவில்லை. அந்த நிலையில் உங்கள் கடிதம் வந்ததால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

நூலகமா மைதானமா என்ற வழக்குக்குள் நான் வரப் போவதில்லை. பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்துக்கொண்டால் இரண்டும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பதற்கு மாணவர்களே எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஏற்காடு யோசனையையும் விட்டுவிடுங்கள். ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகும் அளவுக்கு உயரப் பயிற்சி செய்ய ஏறக்குறைய 2,000 மீட்டருக்கு மேலே போய், வாரக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கிவிட்டு எந்த மாணவியும் காலை வகுப்புக்கு வந்து சேர முடியாது.

ஆனால், வைராக்கியம் போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. மாரியப்பன் பெரியவடகம்பட்டியில் ஐந்து வயதில் பேருந்து மோதி வலது கால் நசுங்கிய குழந்தை. 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். அடுத்து டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அவருக்குள் உயரம் தாண்டுகிறவர் ஒருவர் இருப்பதைப் பள்ளியில் கண்டது ஓர் உடற்கல்வி ஆசிரியரின் கண். அவர் உலகத் தரத்துக்குப் பயிற்சி பெற்றது பெங்களூரில், ஒரு பயிற்சியாளரின் மேற்பார்வையில். அந்த ஆசிரியரையும் அந்தப் பயிற்சியையும் கழித்துவிட்டு, வறுமைதான் அவரைத் தாண்ட வைத்தது என்று நாம் பேசுவது அவருக்குச் செய்யும் அநியாயம். நடராஜன் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகியவர். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக முதன்முறையாக ஆடினார். அதன் பிறகு அவர் செய்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள். தன் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார்; 2023இல் அது திறக்கப்பட்டது. பட்ட கஷ்டம் நல்லது என்று அவர் நினைத்திருந்தால், பின்னால் வரும் பிள்ளைகளுக்காகத் தன் காசைப் போட்டு ஆடுகளம் அமைத்திருப்பாரா? மண்ணிலிருந்து எழுந்த இரண்டு பேரை நீங்கள் எண்ணுகிறீர்கள். அதே மண்ணில் கணுக்கால் திரும்பி, அதோடு வீட்டுக்குள் போய்விட்டவர்களை யார் எண்ணினார்கள்? அப்படிப் போன ஒருத்தியை எனக்குத் தெரியும். அவள் கதைக்கு வருகிறேன்.

1980களின் நடுவில் நான் கல்லூரியில் 400 மீட்டரும் 800 மீட்டரும் ஓடினேன். எங்கள் மைதானம் சரளை கலந்த செம்மண். மழை பெய்து மேல்மண் அரித்துப் போனால், அடியில் இருக்கும் கற்கள் தலைகாட்டும். ஆணி வைத்த காலணி அந்தக் கல்லின் மேல் விழுந்தால் கால் வழுக்கிவிடும். கல்லூரிகளில் மார்க்கர் என்று ஒரு பணியிடம் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மைதானத்தைப் பராமரித்துக் கோடு போடுகிறவர். எங்கள் கல்லூரியில் அந்த வேலையில் இருந்தவரை நாங்கள் மார்க்கர் அண்ணன் என்று கூப்பிடுவோம். மழைக்கு மறுநாள் விடியற்காலையில் நாங்கள் போகும்போது, அவர் ஒரு சிமெண்ட் சாக்கை இழுத்துக்கொண்டு, இடுப்பை நிமிர்த்தாமல், உள்பாதையில் தொடங்கி வெளிப்பாதை வரையில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார். அதன் பிறகு தண்ணீர் தெளித்து, ரோலரை உருட்டி, மண் இறுகியதும்தான் சுண்ணாம்பை எடுப்பார். இரண்டு வளைவுகளின் நடுப்புள்ளியிலும் மண்ணுக்குள் புதைத்து வைத்த இரும்புக் குழாய் உண்டு. அதில் கட்டுக்கம்பியை மாட்டி இழுத்துத்தான் வளைவுக்கோடு போடுவார். கயிறு ஈரத்தில் ஒரு நீளம், வெயிலில் ஒரு நீளம் என்பதால் அதை அவர் தொடமாட்டார். சுண்ணாம்பு பட்டுப்பட்டு அவருடைய விரலிடுக்குகள் வெடித்திருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்.

400 மீட்டர் ஓட்டத்தில் ஒவ்வொரு பாதையின் புறப்படும் கோடும் முந்தையதைவிட முன்தள்ளி இருக்கும். ஸ்டாகர் என்று சொல்வார்கள். முதல் பாதையிலிருந்து அளந்தால் இரண்டாம் பாதைக்கு 7.04 மீட்டர், மூன்றாம் பாதைக்கு 14.70, நான்காம் பாதைக்கு 22.37 என்று அவர் தாளைப் பார்க்காமல் சொல்லுவார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஒருநாள், வளைவில் போட்ட கோட்டை அவர் காலால் அழித்துவிட்டு மறுபடி போட்டதைப் பார்த்து, கொஞ்சம் விலகினால் என்ன அண்ணா என்று கேட்டேன். “கோடு ஒரு வெரக்கடை நகந்தா சுத்து ஆறு வெரக்கடை கூடிப்போகும் கண்ணு” என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வளைவுகளும் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். ஆரம் 1 செ.மீ. கூடினால் சுற்றளவு 6.28 செ.மீ. கூடும். அவர் சொன்னது அப்படியே சரி.

இதை ஏன் இத்தனை விரிவாகச் சொல்கிறேன் என்றால், 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 நொடியில் ஓடி, 0.01 நொடி வித்தியாசத்தில் வெண்கலத்தை இழந்தார். அந்த வேகத்தில் 0.01 நொடியில் கடக்கும் தூரம் ஏறத்தாழ 7 செ.மீ. மார்க்கர் அண்ணனின் ஒற்றைச் சென்டிமீட்டர் ஒரு சுற்றில் எவ்வளவாக விரிகிறதோ, ஏறக்குறைய அதே அளவு. அந்த 55.42 நொடியை 39 ஆண்டுகள் கழித்து, 2023 ஆசிய விளையாட்டுப் போட்டியில், நம் கோவைப் பெண் வித்யா ராம்ராஜ் சமன் செய்தார். ஓடுகிறவளின் உழைப்பு அவளுடையது. ஆனால் அவள் பயிற்சியில் ஓடியது 400 மீட்டர்தானா, தான் முன்னேறுகிறோமா தேங்குகிறோமா என்று அவளுக்குச் சொல்லுவது, சுண்ணாம்பு போடுகிறவரின் கை.

நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அவர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு யாரையும் நியமிக்கவில்லை. தாண்டும் குழியின் மணலை அவர் தினமும் மண்வெட்டியால் கொத்தி, நனைத்து, பலகையால் சமப்படுத்துவார், அது நின்றது. மூன்று மாதத்தில் மணல் இறுகிச் சிமெண்ட் தரை மாதிரி ஆனது. என் தோழி ஒருத்தி, எங்கள் எல்லோரையும்விடத் திறமைசாலி, அந்தக் குழியில் இறங்கியபோது கணுக்கால் முறிந்தது. மாநிலப் போட்டிக்கு அவள் போகவில்லை. அடுத்த தையில் அவளுக்குக் கல்யாணம். அதே வருடம் மானியத்தில் உயரம் தாண்டுவதற்கான மெத்தை ஒன்று வந்து இறங்கியது. அதை மூடி வைக்கவும் ஆள் இல்லை, வெளியே இழுத்துப் போடவும் ஆள் இல்லை. இரண்டு மழையில் ஊறி, பிறகு ஸ்டோர் ரூமில் பூட்டப்பட்டு, எலிகள் பஞ்சைக் கிழித்துப் போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். மெத்தை வாங்கப் பணம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு மனிதருக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை என்றார்கள்.

இப்போது உங்கள் திட்டக் குறிப்பை எடுங்கள். நான் மூன்று முறை படித்துவிட்டேன். மாடத்துக்கு ஒரு வரி, விளக்குக்கு ஒரு வரி, கூடத்துக்கு ஒரு வரி இருக்கிறது. மார்க்கருக்கு ஒரு வரியும் இல்லை. சிந்தெடிக் தளத்தில் கோடுகளை வண்ணத்தால் போட்டுவிடுவதால் இனி ஆள் தேவையில்லை என்று கூட்டத்தில் உங்களுக்குச் சொல்லுவார்கள். அந்த இடத்தில் நீங்கள் விட்டுக்கொடுக்கவே கூடாது. அந்தத் தளம் தாரின் மேல் 1.3 செ.மீ. அளவுக்கே படியும் பாலியூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பொருள். மழைநீர் உள்பக்கமாக வழியும்படி மிக மென்மையான சரிவு கொடுத்து, உள்விளிம்பில் வடிகால் வைப்பார்கள். நம்முடைய செம்மண் புழுதியும் வேப்பஞ்சருகும் அந்த வடிகாலை அடைத்தால் நீர் தேங்கும்; தேங்கிய நீர் அடியில் புகுந்தால் தளம் உப்பிப் பெயர்ந்து வரும். தினமும் கூட்ட வேண்டும், அவ்வப்போது கழுவ வேண்டும், மைதானத்துக்குள் டிராக்டரும் காரும் நுழையாமல் காக்க வேண்டும், ஆண்டு விழாவுக்குப் பந்தல்கால் நட வருகிறவர்களைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். இப்படிப் பேணினால் எட்டுப் பத்து வருடங்கள் உழைக்கும். பேணாவிட்டால் மூன்றாம் வருடமே செல்லரித்த பாய் மாதிரி ஆகிவிடும். அப்போது மண்ணும் இருக்காது, தளமும் இருக்காது. மண் மைதானத்திலாவது ஒரு நல்ல மனிதர் வந்து நான்கு நாள் கல் பொறுக்கினால் மறுபடி ஓடலாம். பெயர்ந்த சிந்தெடிக்கை யாராலும் கையால் சரிசெய்ய முடியாது.

இன்னொன்று. நம் ஊரின் சித்திரை வெயிலில் அந்தத் தளம் பத்து மணிக்கே கொதிக்கும். ஓடுகிற பிள்ளைகளுக்கு அது காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்துக்குப் பிறகும்தான் பயன்படும். அலுவலக நேரத்தில் கதவைத் திறந்து அலுவலக நேரத்தில் பூட்டுவதாக இருந்தால், விளக்குக் கோபுரம் எதற்கு? கதவின் சாவி யாரிடம், எத்தனை மணிக்கு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். உடை மாற்றும் அறையும் கழிப்பறையும் அந்தக் குறிப்பில் எங்கும் இல்லை. நாங்கள் போர்வையை இரண்டு பேர் பிடிக்க அதன் மறைவில் உடை மாற்றினோம். மாதத்தில் நான்கு நாள் மைதானத்துக்கே போகாமல் இருந்தோம். நாற்பது வருடம் கழித்தும் ஒரு பல்கலைக்கழகத்தின் திட்டத்தில் அது விட்டுப்போயிருக்கிறது என்றால், அதைப் பெண்கள்தான் வந்து சொல்ல வேண்டும் என்று நீங்கள் காத்திருக்காதீர்கள். நீங்களே எழுந்து சொல்லுங்கள்.

வேப்பமரங்களைப் பற்றி நீங்கள் வருத்தப்பட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. மாலை வெயில் பார்வையாளர் கண்ணில் அடிக்கக் கூடாது என்றுதான் மாடத்தை மேற்கில் வைக்கிறார்கள். அது சரியான காரணம். ஆனால் அந்த மரங்கள் இத்தனை வருடமாக அந்த வெயிலைத்தான் மறைத்துக்கொண்டு நிற்கின்றன. மரங்களுக்கு முன்னால் நான்கு படி மட்டும் கட்டினால் போதும். மிச்சமாகும் பணத்தில் மார்க்கரின் பல வருடச் சம்பளத்துக்கு வழி பிறக்கும்.

என்ன பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். திட்டத்தை எதிர்க்காதீர்கள், தம்பி. அந்தத் தளம் நம் பிள்ளைகளுக்கு வேண்டும். குறிப்பின் ஒவ்வொரு வரிக்கும் எதிரில், இதைப் பார்த்துக்கொள்பவர் யார், அவருக்கு நிரந்தரப் பணியா, சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். நாளை விடியற்காலையில் உங்கள் மைதானத்துக்குப் போய், அங்கே கதவைத் திறந்துகொண்டோ கூட்டிக்கொண்டோ யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் அவரோடு ஒரு டீ குடித்துவிட்டு, எத்தனை வருடமாக இந்த வேலையில் இருக்கிறார், மைதானத்தில் எந்த இடத்தில் நீர் தேங்கும் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அவருடைய பெயரையும் கேட்டு வையுங்கள். எங்கள் மார்க்கர் அண்ணனின் பெயரை நாங்கள் யாருமே கேட்டதில்லை.

அன்புடன்.