தேக்குத் தளத்தைப் பார்த்து மயங்காதீர்கள்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கப்பலில் செகண்ட் இஞ்சினியராக இருக்கிறேன், அடுத்த வருஷம் ஓய்வு. அப்புறம் வீட்டம்மாவும் நானும் ஒரு பாய்மரப் படகிலேயே குடியிருந்துகொண்டு மாலத்தீவு, இலங்கை, அந்தமான், தாய்லாந்து என்று சுற்றலாம் என்று எண்ணம். 1986-ல் கட்டிய 37 அடி ஃபைபர் படகு ஒன்று மலேசியாவின் லங்காவித் தீவில் விலைக்கு வந்திருக்கிறது. தேக்குத் தளம், ஏசி, புது ஜிபிஎஸ் திரை எல்லாம் உண்டு. "ஏறி உட்கார்ந்தால் கிளம்ப வேண்டியதுதான்" என்கிறார் தரகர். வாங்கலாமா?
- ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: நீங்கள் பட்டியல் போட்ட மூன்றுமே விலையைத் தீர்மானிக்கக் கூடாத விஷயங்கள், காக்கா. ஏசி கரையில் கரண்ட் இழுத்துக் கொடுத்தால்தான் ஓடும், இல்லையென்றால் ஜெனரேட்டர் உறும வேண்டும். திரை இன்னும் நாலு வருஷத்தில் பழசாகிவிடும். தேக்குத் தளத்துக்கு வருகிறேன். காசு கொடுத்தால் மாற்றக்கூடியதைக் கடைசியில் பாருங்கள். மாற்றவே முடியாதது, மாற்றப் போனால் படகு விலையையே விழுங்கிவிடுவது என்று சில இருக்கின்றன: உடல், அடியில் பாரமாகத் தொங்கும் கீல், சுக்கான், தளம், பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகள், அந்தக் கம்பிகள் உடலோடு சேரும் பட்டைகள். முதலில் அங்கேதான் கண் போக வேண்டும்.

1986 என்றதும் பயப்படாதீர்கள். கோல்டன் குளோப் என்கிற தனியாள் உலகச் சுற்றுப் போட்டிக்கு 1988-க்கு முன்னால் வரையப்பட்ட, 32 முதல் 36 அடி வரையிலான, முழுநீளக் கீல் உள்ள படகுகளைத்தான் சேர்க்கிறார்கள். நம் அபிலாஷ் டோமி 2023-ல் அதில் இரண்டாவதாக வந்தது ரஸ்ட்லர் 36 என்ற அப்படிப்பட்ட ஒரு படகில்தான். அதற்கும் முன்னால், 1968-69-ல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் படகான சுஹைலி மும்பையில் கட்டிய 32 அடி தேக்குப் படகு. இரண்டு பேருக்கு 34 முதல் 38 அடி போதும். அதற்கு மேல் போனால் பாய், நங்கூரம், கயிறு, பெயின்ட் என்று எல்லாமே கூடுதல் விலை, கூடுதல் பாரம், அறுபது வயதில் நடுராத்திரி பாயைச் சுருக்குவது நீங்கள்தான்.

இப்போது தேக்கு. அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில் தேக்குப் பலகைகளை ஃபைபர் தளத்தின் மேல் வைத்து ஆயிரக்கணக்கான திருகாணிகள் போட்டு இறுக்கியிருப்பார்கள், தளமோ இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா என்கிற லேசான மரத்தை வைத்து செய்தது. ஒவ்வொரு திருகாணித் துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல். முப்பது நாற்பது வருஷத்தில் பசை விட்டுப்போய், தண்ணீர் இறங்கி, உள்ளே பால்சா கூழாகியிருந்தாலும் மேலே தேக்கு அழகாகத்தான் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தளம் முழுக்க நடந்து பாருங்கள், எங்கேயாவது மெத்தென்று அமுங்கினால் போச்சு. அப்புறம் ஒரு சின்ன பிளாஸ்டிக் சுத்தியல். நல்ல இடத்தில் டக் டக் என்று கூர்மையாகக் கேட்கும், கெட்ட இடத்தில் மொத் மொத்.

அடுத்து உள்ளே போங்கள், கையில் டார்ச்சோடு. பாய்மரக் கம்பிகள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில், பெரும்பாலும் ஏதாவது ஒரு அலமாரிக்குப் பின்னால், ஸ்டெயின்லெஸ் பட்டை ஒன்று போல்ட் போட்டு நிற்கும். அலமாரிப் பலகையைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும், தரகர் முகம் சுளித்தாலும் கழற்றுங்கள். பட்டைக்குக் கீழே மரத்தில் டீ வடிந்த மாதிரி பழுப்புக் கோடு இருந்தால் மேலிருந்து தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். ஸ்டெயின்லெஸ்ஸுக்குக் காற்று இல்லாமல் ஈரத்திலேயே மூடிக் கிடப்பதுதான் எமன், வெளியே மினுமினுக்கும், தளத்துக்குள் புதைந்த அரை அங்குலத்தில் அரித்து விரிசல் விட்டிருக்கும். அது அறுந்தால் பாய்மரம் கடலில். கம்பிகளையும் அப்படியே பாருங்கள், கீழ் முனையில் உப்பு தேங்கும் இடத்தில் ஒரு இழை அறுந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தாலும் மொத்த செட்டையும் மாற்ற வேண்டியதுதான். எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டு ரசீது கேளுங்கள். ரசீது இல்லையா, மாற்றவே இல்லை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து வருஷம்தான் அதற்கு ஆயுள், நம் பக்க வெயிலிலும் உப்பிலும் இன்னும் குறைவு.

படகைத் தண்ணீரிலிருந்து தூக்காமல் அட்வான்ஸைத் தாண்டி ஒரு பைசா கொடுக்காதீர்கள். தூக்கியதும் கீல் உடலோடு சேரும் கோட்டைப் பாருங்கள், விரிசலோ துரு ஒழுகலோ இருந்தால் கீல் போல்ட் சந்தேகம். எத்தனை தடவை தரை தட்டியது, யார் பழுது பார்த்தார்கள் என்று கேளுங்கள். 2014-ல் அட்லாண்டிக் நடுவில் சீக்கி ராஃபிக்கி என்ற படகின் கீல் கழன்று விழுந்து நாலு பேர் போனார்கள், முன்பு தரை தட்டியதும் அதற்குச் செய்த பழுதுபார்ப்பும் கீல் பிடிப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்றுதான் விசாரணை சொன்னது. சுக்கானை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் ஏறிய சுக்கான், படகு கரையேறி ஒரு நாள் கழித்தும் அடியில் பழுப்பாகக் கசிந்துகொண்டே இருக்கும். அடி உடலில் கொப்புளம் கொப்புளமாக இருப்பது ஆஸ்மாசிஸ், அங்கங்கே சிறிதாக நாலு இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, பேரம் பேச நல்ல சாக்கு. உடல் முழுக்கத் தட்டம்மை போட்ட மாதிரி இருந்தால் வேறு படகு பாருங்கள்.

இஞ்சினைப் பற்றி உங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. ஒன்றே ஒன்று: நீங்கள் போவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக வைத்திருந்தால் அன்றைக்குத் திரும்பி வந்துவிடுங்கள்.

படகைச் சோதித்துச் சொல்லும் சர்வேயரை நீங்களே பிடியுங்கள், தரகர் கைகாட்டும் ஆள் வேண்டாம். பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள், அது படகு கைக்கு வந்த முதல் வருஷத்திலேயே போய்விடும். இன்னொரு யோசனை, கேட்டால் கேளுங்கள்: வாங்கினால் இரண்டு வருஷம் லங்காவியிலேயே வைத்து ஓட்டிப் பழகுங்கள். அங்கே படகு தூக்கும் யார்டு இருக்கிறது, அந்தத் தீவு டூட்டி ஃப்ரீ, பூமத்திய ரேகைக்கு அவ்வளவு பக்கத்தில் புயல் அபூர்வம். கீழக்கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஏன் வேண்டாம் என்பதற்கு அடுத்த கேள்வி.

கேள்வி: வெளிநாட்டுப் பாய்ப்படகுக்கு ஏரா, அதாவது கீல், ஆறு அடி ஆழம் தொங்குகிறது என்கிறார்களே, அது நம்ம கடலில் ஓடுமா?
- ஒரு வாசகர், பாம்பன்

பதில்: ஓடும் தம்பி, நிற்கத்தான் இடம் இல்லை. வடகடல், அதாவது பாக் விரிகுடா, முழுக்கவே ஆழம் கம்மி என்றாலும் நடுவில் ஆறு அடி ஏராவுக்குத் தாராளம். கரைக்கு வரும்போதுதான் தொல்லை, தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் கரையிலிருந்து வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்கு வடகடல் கொந்தளிக்கும், தெற்கே ஒதுங்க வேண்டும். தெற்கிலிருந்து அடிக்கும் சோழகத்தில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிக்கும், வடக்கே ஒதுங்க வேண்டும். உங்கள் நாட்டுப்படகு இதை வருஷா வருஷம் செய்கிறது. ஏரா வைத்த படகு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக இரண்டே வழி. ஒன்று பாம்பன் கால்வாய், துறைமுக அலுவலகத்தில் அனுமதி வாங்கி, பாலம் தூக்கும் நாள் வரை காத்திருந்து, வழி தெரிந்த ஆளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் இலங்கையை முழுசாகச் சுற்றி வர வேண்டும். தனுஷ்கோடி மணல்திட்டுகள் வழியாக நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம், அங்கே இன்றைக்கு இருக்கும் திட்டு நாளைக்கு இருக்காது. 2025-ல் திறந்த புது ரயில் பாலம் 17 மீட்டர் மேலே தூக்கும், சரி, பக்கத்தில் நிற்கும் ரோட்டுப் பாலம் தூக்காதே! 37 அடிப் படகின் பாய்மரம் தண்ணீரிலிருந்து சுமார் 15 மீட்டர், உச்சியில் ஆன்டெனா வேறு. அளந்துகொண்டு போய் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும்.

ஆகவே நம் பக்கம் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் ஏரா ஐந்து அடிக்குள் இருக்கட்டும், நீளமாக ஓடும் ஏராவாக இருந்தால் மணலில் தட்டினாலும் உட்கார்ந்து எழும். கடலடியில் பாறையாகப் பார் இருக்கும் இடத்தில் எந்த ஏராவும் தாங்காது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் ஒதுங்கவோ பவளப்பாரில் நங்கூரம் போடவோ கூடாது. படகைக் கரையேற்றுவதும் இலகுவல்ல, ஏரா வைத்த படகைத் தட்டையாகச் சாய்த்து வைக்க முடியாது, தாங்குகால் அடித்து நிறுத்த வேண்டும். அதுவும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் மேலே ஏறியிருக்கும், கிரேனும் ஆளும் உங்களுக்குக் கிடைப்பார்களா? ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ஆளில்லாத படகை இங்கே நங்கூரத்தில் விட்டுவிட்டுப் போவது தனுஷ்கோடியை அழித்த 1964 புயலை மறந்தவர்கள் செய்கிற காரியம்.

கேள்வி: பழைய விசைப்படகை மலிவாக வாங்கி, மரம் நட்டு, பாய் கட்டி, அறை போட்டுக்கொண்டால் செலவு மிச்சம்தானே?
- ஒரு வாசகர், ராமநாதபுரம்

பதில்: ஆகாது சார். ஆழ்கடல் பாய்ப்படகின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சிலவற்றில் அதற்கு மேலும், அடியில் ஈயமாகவோ வார்ப்பிரும்பாகவோ தொங்குகிறது. அலை அடித்துப் பாய்மரம் தண்ணீரில் பட்டாலும் அந்தப் பாரம்தான் இழுத்து நிமிர்த்தும். எத்தனை டிகிரி சாய்ந்த பிறகும் தானாக நிமிரும் என்று ஒவ்வொரு மாடலுக்கும் கணக்கு உண்டு, 120-க்குக் குறைவானதை நான் ஆழ்கடலுக்குச் சொல்ல மாட்டேன். 1979 ஃபாஸ்ட்நெட் போட்டியில் புயலில் 15 போட்டியாளர்கள் இறந்த பிறகுதான் இந்தக் கணக்கை எல்லோரும் கவனிக்கத் தொடங்கினார்கள். விசைப்படகுக்கு அந்தப் பாரம் கிடையாது, கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான். தொண்டிப் பக்கம் பாய்ப்படகுப் போட்டியில் ஆட்கள் குறுக்குப் பலகையில் வெளியே போய்த் தொங்குகிறார்களே, அங்கே அவர்கள்தான் பாரம். ராத்திரி பகல் பத்து நாள் அப்படித் தொங்க முடியுமா?

கேள்வி: வீட்டுக்காரர் படகு வாங்கியே தீருவேன் என்கிறார். சமைப்பதும் குடியிருப்பதும் நானும்தான். நான் எதைப் பார்க்க வேண்டும்?
- ஒரு வாசகி, தேவிபட்டினம்

பதில்: நீங்கள் கூடப் போய்ப் பார்ப்பதுதான் முதல் வேலை அம்மா. அடுப்படியில் நின்று பாருங்கள். படகு ஒருபக்கம் சாய்ந்து ஓடும்போது இடுப்பை முட்டுக் கொடுக்க இரண்டு பக்கமும் ஏதாவது இருக்க வேண்டும், அகலமான அழகான அடுப்படி துறைமுகத்துக்கு மட்டும்தான் லாயக்கு. அடுப்பு தொட்டில் மாதிரி ஆடித் தன்னைத்தானே சமப்படுத்திக்கொள்ள வேண்டும். கேஸ் சிலிண்டர் தனிப் பெட்டியில், கசிந்தால் கேஸ் வெளியே கடலுக்கு வழிய ஓட்டை வைத்து இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், உள்ளே கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

தண்ணீர்: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் என்றால் இருவருக்கு ஒரு மாதத்துக்கு 240 லிட்டர். டேங்க் ஒன்றே ஒன்றாக இருந்து அது கெட்டால் எல்லாம் போச்சு, இரண்டாக இருக்கட்டும். வெயிலுக்கு ஏசியை நம்பாதீர்கள். தளத்துக்கு மேலே முழுசாகக் கட்ட நல்ல கூடாரத் துணி, மழையிலும் திறந்து வைக்கக்கூடிய காற்றுப்போக்கி, வெள்ளைத் தளம் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஐஸ்பெட்டிதான் பேட்டரியை அதிகம் தின்னும், சோலார் எவ்வளவு வேண்டும் என்பதை அதை வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். கடைசியாகக் கழிவறைக் கதவைத் திறந்து மூக்கை நீட்டுங்கள். நாற்றம் அடித்தால் குழாய் முழுக்க மாற்ற வேண்டும், அந்த வேலையை அவரே செய்யட்டும்.

கேள்வி: சாட்டிலைட் போன் இருந்தால் போதும், ரேடியோ எல்லாம் எதற்கு?
- ஒரு வாசகர், மண்டபம்

பதில்: துரையா, இரிடியம் என்கிற சாட்டிலைட் போன்களை அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் வைத்திருந்தால் கைதாவீர்கள், விமான நிலையத்திலேயே மாட்டியவர்கள் உண்டு. பழைய படகோடு அப்படி ஒன்று வந்தால் இந்தியக் கடலுக்குள் வருவதற்கு முன்பே கேட்டுத் தெளியுங்கள். விஎச்எஃப் ரேடியோவில் கப்பல்கள் கேட்டுக்கொண்டிருக்கும் சேனல் 16 எப்போதும் காதில் விழட்டும். பக்கத்தில் போகிற கப்பலுக்கு உங்கள் போன் நம்பர் தெரியாது. கரை சிக்னல் கிடைக்கும் தூரம் என்றால் கோஸ்ட் கார்டுக்கு 1554. எல்லைக்கோடு எங்கே என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சுங்கத்துறையில் வெளியேறும் சீட்டு வாங்காமல் இலங்கைப் பக்கம் திரும்பவே வேண்டாம்.

கேள்வி: பழைய படகின் பெயரை மாற்றினால் ஆகாது என்கிறார்கள். உண்மையா?
- ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: வெள்ளைக்காரனுக்கும் அந்தப் பயம் உண்டு. தாராளமாக மாற்றுங்கள், பாட்டி பெயரையே வையுங்கள். ஆனால் பதிவுச் சான்று, இன்சூரன்ஸ், ரேடியோ லைசென்ஸ் எல்லாவற்றிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும். முக்கியமாக இபிர்ப், ஆபத்தில் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் சத்தம் போடும் அந்தக் கருவி பழைய நாட்டின் குறியீட்டோடு பழைய முதலாளி பேரில்தான் இன்னும் இருக்கும். அதைத் திருத்தாமல் கடலுக்குப் போய் அமுக்கினால் முதல் போன் அவர் வீட்டுக்குப் போகும், "படகை விற்று ஒரு வருஷம் ஆச்சே" என்று அவர் சொல்வார். பேட்டரி காலாவதித் தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.