பாகோ டி லூசியா: வேகம் மட்டும்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் ஒரு கட்டுரையில் ஸ்பெயினின் ஃபிளமெங்கோ கிதார் கலைஞர் பாகோ டி லூசியாவை மேதை என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். 1980-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் அல் டி மியோலா, ஜான் மெக்லாஃப்லின் என்ற இரண்டு கிதார் கலைஞர்களோடு அவர் வாசித்த கச்சேரியைத் தேடிக் கேட்டேன். அசந்துபோனேன், ஆனால் மனதில் ஒன்றும் தங்கவில்லை. வேகம் தவிர இவரிடம் என்ன இருக்கிறது?

ச., கோவை

அன்புள்ள ச.,

இணையம் எல்லாரையும் முதலில் அந்தக் கச்சேரிக்குத்தான் கூட்டிப்போகிறது. மூன்று பேர் ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கும் குதூகலம் அது. (மெக்லாஃப்லின் நம் விக்கு விநாயக்ராமோடு ‘சக்தி’ குழுவில் வாசித்தவர்.) பாகோவை அதை வைத்து எடைபோட முடியாது.

ஃபிளமெங்கோ தெற்கு ஸ்பெயினின் மரபிசை; அதில் பாட்டுக்குத்தான் முதலிடம். பாகோ அடிப்படையில் பக்கவாத்தியக்காரர். 1947-ல் தெற்கு ஸ்பெயினின் அல்ஹெசிராஸ் துறைமுக நகரில், வசதியில்லாத வீட்டில் பிறந்தவர். கிதார் வாசித்தும் பிழைத்த அப்பா, பிள்ளையை மணிக்கணக்கில் உட்காரவைத்துச் சாதகம் செய்யவைத்தார். வேகம் அங்கே வந்தது. அண்ணன் பெப்பே பாடகர். பாகோவுக்கும் பாடத்தான் ஆசை, கூச்சம் விடவில்லை. அவர் வாசிப்பின் சாவி இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1969-லிருந்து 1977 வரை கமரோன் டி லா இஸ்லா என்ற ஜிப்சிப் பாடகரோடு அவர் வெளியிட்ட இசைத்தட்டுகளைக் கேளுங்கள். ஏதாவதொரு புலேரியாவை, அதாவது ஃபிளமெங்கோவின் துள்ளலான பாட்டு வகையை, எடுத்துக்கொள்ளுங்கள். 12 எண்ணிக்கைத் தாளம். அழுத்தம் 3, 6, 8, 10, 12-ல் விழும். கமரோன் ஒரு சொல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவார். பாகோ கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யாமல் தாளத்தை மட்டும் தாங்கிக்கொண்டிருப்பார். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் கிதார் சட்டென்று ஒரு பதில் சொல்லும், சரியாகப் பத்தாம் எண்ணிக்கையில் வந்து நிற்கும். அந்த அரை நொடியில் செலவாகும் வேகம்தான் நீங்கள் சான்ஃபிரான்சிஸ்கோவில் கேட்டது. அங்கே கிதார் பதில் சொல்வதற்கு ஒரு குரல் இல்லை, அவ்வளவுதான்.

பழமைவாதிகளுக்கு அவர்மேல் நிறையக் கோபம் இருந்தது. குழுவில் புல்லாங்குழலும் பேஸ் கிதாரும் சேர்த்தார். எழுபதுகளின் பிற்பகுதியில் பெருவுக்குப் போனபோது அங்கே கறுப்பின மக்கள் வாசிக்கும் கஹோன் என்ற மரப்பெட்டித் தாளவாத்தியத்தைப் பார்த்து ஸ்பெயினுக்குக் கொண்டுவந்தார். வாசிப்பவர் பெட்டிமேலேயே உட்கார்ந்து முன்பலகையைக் கையால் தட்ட வேண்டும். கால்தட்டுக்கும் கைதட்டுக்கும் அந்தச் சத்தம் அத்தனை பொருத்தம். இன்று கஹோன் இல்லாத ஃபிளமெங்கோ குழுவைப் பார்ப்பது அபூர்வம். அதைப் புராதன ஸ்பானிய வாத்தியம் என்று நம்புகிறவர்கள்கூட உண்டு. பாகோவின் செல்வாக்கு எவ்வளவு என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

2014-ல் மெக்சிகோவில் மாரடைப்பால் இறந்தார்.

அவரைப் பிரபலமாக்கிய ‘என்ட்ரே டோஸ் அகுவாஸ்’ என்ற கிதார் இசை எனக்கு அலுத்துவிட்டது. நீங்கள் கமரோனில் தொடங்குங்கள். பிறகு 1987-ல் வந்த ‘சிரோக்கோ’ இசைத்தட்டு. அதில் பெரும்பாலும் கிதார்தான் பேசும், ஆனால் பாடகர் எங்கே மூச்சு விடுவார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். கேட்டுவிட்டு எழுதுங்கள்.