சாரணர் பெருமுகாமான ஜாம்போரிக்குப் போகும் மகனின் பை 17 கிலோ, தூக்கினால் சாய்கிறான்

மகன் 50 கிலோ என்கிறீர்கள். அப்படியானால் பை அதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 10 கிலோவைத் தாண்டக் கூடாது. முதலில் ஜீன்ஸையும் பருத்தித் துண்டையும் எடுத்துவிடுங்கள். நனைந்தால் கனம், காயவும் காயாது. சீருடை போக, சீக்கிரம் உலரும் சட்டை மூன்று போதும், துவைத்துக்கொள்ளட்டும். பிறரோடு மாற்றிக்கொள்ளும் பேட்ஜ்களில் மட்டும் கை வைக்காதீர்கள்!

சாய்வதற்கு எடை மட்டும் காரணமில்லை. தூங்கும் பையை (ஸ்லீப்பிங் பேக்) அடியிலும், கனமானவற்றை முதுகை ஒட்டி நடுவிலும் வையுங்கள். இடுப்புப் பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல் இறுக வேண்டும். தோள்பட்டை வார்களை அதன் பிறகே இழுக்கணும்.

விமானத்தில் போவதானால், பவர் பேங்க் கைப்பையில்தான், 100 வாட் மணிக்குள் (Wh). பேனாக்கத்தி செக்-இன் பையில். கேஸ் குப்பி எதிலும் கூடாது.